லைன் கிளியர்

எங்கள் கேட்டில் ரயிலுக்குத்தான் முதல் வழி. அதை ரோட்டில் நிற்பவர்களிடம் சொல்வது என் வேலை. எனக்கோ நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். கேட்மேன் வேலை கிடைத்தபோது, தனியாக உட்கார்ந்திருக்கலாம் என்றுதான் சந்தோஷப்பட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் தண்டையார்பேட்டைப் பக்கம் இருந்தேன். துறைமுகத்திலிருந்து கரி ஏற்றிய கூட்ஸ் வரும் நேரமும், காசிமேட்டு மீன் வண்டிகள் வரும் நேரமும் ஒன்றுதான். கேட்டை இறக்கிப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வேன். ரயில் போகும்வரை வண்டிக்காரர்கள் என் வீட்டுப் பெண்கள் எல்லாரையும் இழுத்துத் திட்டுவார்கள். கேட்காத மாதிரி இருப்பேன்.

அன்று கூட்ஸ் தாமதம்; கேட் வெகுநேரமாகப் பூட்டியே கிடந்தது. ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. அங்கே சொல்வதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும். வழக்கமாகச் சுவரைப் பார்த்து முணுமுணுப்பேன். அன்று போனில் ஒரே இரைச்சல். அதனால் கத்தினேன்: "லைன் கிளியர்!"

ரயில்வேயில் அதற்கு, ரயில் வர வழி விட்டாயிற்று என்று பொருள். ரோட்டில் அதற்கு, தடை இல்லை, கிளம்பு என்று பொருள்.

"லைன் கிளியராமே! அப்பால இன்னாத்துக்குடா பூட்டி வெச்சிகினு கீறே?" மீன் வேன் டிரைவர் என் கேட் அறைக்குள்ளேயே வந்துவிட்டான்.

"ரயிலுக்கு..." என்றேன்.

"சாவியக் குடு. இல்ல, நான் சாவக் குடுப்பேன்."

வெளியே சிரித்தார்கள். வேனில் இருந்த மீன்காரம்மா, "வஞ்சிரம் நாறுது நைனா, ரெண்டு போட்டு வாங்கு!" என்றாள்.

கேட்டை ஏற்றி இறக்கச் சுற்றும் இரும்புக் கைப்பிடி மூலையில் இருந்தது. அதை எடுத்து என் தோளில் இறக்கினான். அடுத்த அடி காதோரம். சட்டைக்குள் ரத்தம் சூடாக இறங்கியது. சாவி போனால் அத்தனை வண்டியும் தண்டவாளத்தில் ஏறிவிடும். இடுப்பைப் பொத்திக்கொண்டு குப்புற விழுந்தேன். முதுகில் மிதித்தான். கயிற்றைப் பிடித்து இழுத்தான். அது அறுந்து, சாவி வாசல் வழியாகப் பறந்து தண்டவாள ஜல்லிக்குள் விழுந்தது.

அவன் பாய்ந்து போய் மண்டியிட்டுத் தேடினான். வளைவில் கூட்ஸ் ஊதியது. அவன் நிமிரவே இல்லை. ஓடிப் போய் அவன் முடியைப் பிடித்து இழுத்தேன். சாவிக்குத்தான் வருகிறேன் என்று நினைத்து என் முன்கையைக் கடித்தான். சதைக்குள் பல் இறங்கியது. அப்படியே இழுத்துக்கொண்டு சரிவில் உருண்டேன். எஞ்சின் எங்கள் மேல் கரித்தூளை வாரி அடித்துப் போனது.

கடைசி வேகன் போகும்வரை அவன் வாய் என் கையில் இருந்தது. பிறகுதான் விட்டான்.

கேட் பூட்டியேதான் இருந்தது. சாவியைக் காணோம். இரண்டு பேரும் ஜல்லியைக் கிளறினோம். மீன்காரம்மா கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னாங்கடா, கோலி ஆடிகினு கீறீங்களா?" என்று கத்தினாள்.

சாவி அவனுக்குத்தான் அகப்பட்டது. என்னிடம் நீட்டினான். "அண்ணா, இப்போ லைன் கிளியரா?"

"போன் பண்ணிக் கேக்கணும்" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

அவன் ரோட்டைப் பார்த்துத் திரும்பினான். "கம்னு கெடங்கடா! போன் பண்ணணுமாம்!"