மாட்டுக் கொட்டாயை அளந்த நாட்கள்

நான் கல்யாணமாகி வந்த வீட்டில் கதவு வைத்த அறை ஒன்றே ஒன்றுதான். அதிலும் ராகி மூட்டைகள் குடியிருந்தன. ராயக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம், ஐம்பதுகளின் நடுப்பகுதி. ராத்திரியானால் நான் மாமியார், நாத்தனார்களோடு கூடத்தில். என் வீட்டுக்காரர் தம்பிகளோடு களத்துமேட்டில். கட்டின புருஷனோடு நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போக வேண்டும். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

கடைசியில் அவரே வாயைத் திறந்தார். மாடுகளுக்குப் புதுக் கொட்டாய் போட்டாயிற்று, பழையதை எங்களுக்கு வீடாக மாற்றித் தாருங்கள் என்று மாமனாரிடம் கேட்டார். மாமனாரின் தாத்தா கட்டிய கொட்டாய் அது. ஆளுயரக் கல்தூண்கள், சுவருக்குப் பதிலாக நிறுத்திவைத்த கல்பலகைகள்.

மாமனார் எழுந்து போய்க் கொட்டாயை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு, "மாத்திக்கோ. ஆனா ஒரு கல்லை நகத்தறதுக்கு முன்னால, அது எப்பிடி இருக்குதோ அப்பிடியே காயிதத்துல எழுதிக் குடுத்துடணும். எந்த மாடு எங்க நின்னுச்சுங்கறது மொதக்கொண்டு" என்றார்.

வீட்டில் படம் போடத் தெரிந்தவள் எட்டாவது படித்த நான்தான். அளவுக் கயிற்றைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே, அவர் வந்தார்.

அடடா, என்ன நாட்கள் அவை! கயிற்றின் ஒரு நுனி அவர் கையில், மறு நுனி என் கையில். ஒரு தண்ணீர்த் தொட்டியை அளக்க ஒரு காலைப்பொழுது. போட்ட கோட்டை அழிப்பேன், மறுபடி அளப்போம். பரணை அளக்கிறோம் என்று ஏறி, வைக்கோலில் சறுக்கி விழுந்து நாங்கள் சிரித்த சத்தத்துக்கு மாமியார் வந்துவிட்டார்.

"என்னா, இன்னுமா அளக்கறீங்க? கொட்டாய் தெனம் வளருதா?"

"தூணு கோணலா இருக்குதுங்க அத்தை" என்றேன். அவருக்குப் புரியாதா என்ன, தலையில் அடித்துக்கொண்டு போனார்.

மாமனார் ஒவ்வொரு கட்டுத்தறியாகக் காட்டி, அங்கே நின்ற மாட்டைச் சொன்னார். உழவு மாடு உரசி உரசித் தேய்ந்த தூணை மட்டும் இரண்டு முறை தடவிப் பார்த்தார். ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தேன். கொத்து வேலை தொடங்கி, கார்த்திகை கடைசியில் வீடு தயாரானது.

புதுமனைக்குள் முதலில் பசு நுழைய வேண்டும் என்பது வழக்கம். எங்கள் வீட்டு நெற்றிச்சுட்டிப் பசுவுக்கே மாலை போட்டு அழைத்தோம். அதுவும் வந்தது. யாரையும் சட்டை செய்யாமல் நேராகச் சமையல் மூலைக்குப் போய், அடுப்புக் கற்களை முட்டித் தள்ளிவிட்டுப் படுத்து அசைபோடத் தொடங்கியது. அது அதனுடைய பழைய இடம். அதை என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு, அங்கேயே அடுப்பும் போடச் சொன்ன புத்திசாலி நான்.

அவர் தள்ளினார், தம்பிகள் இழுத்தார்கள். பசு அசையவில்லை. நல்ல நேரம் முடியப்போகிறது. அதற்குள் பால் பொங்காவிட்டால் குடிபோக முடியாது.

"மார்கழி பொறக்கப் போவுது. தையில பாத்துக்கலாம்" என்றார் மாமியார்.

எனக்கு அழுகை முட்டியது. மறுபடியும் அந்தக் கூடமா? மாமனாரிடம் அதுவரை எதையும் கேட்டுப் பழகாதவள், அன்று கேட்டேவிட்டேன்.

"மாமா, அது அங்கியே இருக்கட்டுங்க. நமக்கு முன்னாடி இங்க இருந்தது அதுதானே. அடுப்ப இந்தப் பக்கம் வெச்சுக்கறேன்."

மாமனார் பசுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குனிந்து அடுப்புக் கற்களைத் தாமே எடுத்து வந்து வாசலோரம் அடுக்கினார். பால் பொங்கியது.

"பசுவ ஓட்டிக்கினு போவட்டுமா?" என்று தம்பி ஒருவர் கேட்டார்.

"அது எந்திரிச்சா வரும், உடு" என்றார் மாமனார்.

பொழுது சாய்ந்து எல்லாரும் போன பிறகு அவர் கதவைச் சாத்தினார். மூலையில் பசு நீளமாய்ப் பெருமூச்சு விட்டது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடத்துக்குக் கேட்டுவிடுமே என்று வழக்கம்போல் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர்தான் என் கையை மெல்ல விலக்கினார்.