இடப்பக்கம் ஓடி வருபவள்

அனிமேஷன் படத்தில் நரிக்குக் குரல் கொடுத்தவர் பெயர் சுவரொட்டியில் வரும். அந்த நரி தடுக்கி விழாமல் நடக்கக் காரணமானவரை அவர் வீட்டுப் பூனைகூடக் கண்டுகொள்ளாது. ஸ்டுடியோவில் எல்லாரும் நடைக்கா என்று கூப்பிடும் அம்மையார் இந்த இரண்டாவது ரகம். பத்தொன்பது வருஷமாக நடை மட்டுமே வரைகிறார். ராஜ நடை, களவாணி நடை, வாத்து நடை, செருப்பு அறுந்தவன் நடை எல்லாம் அவர் கைவண்ணம். தெருவில் யார் போனாலும் முகத்தைப் பார்க்கமாட்டார், முழங்காலைத்தான் பார்ப்பார். வீட்டுக்காரரைக்கூட, ‘குதிகால் அழுத்தமாகப் படுகிறது, நம்பலாம்’ என்று பார்த்துத்தான் கட்டிக்கொண்டதாகக் கேள்வி.

இப்பேர்ப்பட்டவர் கையில் ஒரு பிழை நேர்ந்தது.

படம் இரண்டு சிறுமிகளின் சிநேகத்தைப் பற்றியது. வளர்கிறார்கள், பிரிகிறார்கள், கடைசியில் பெரியவர்களாகச் சந்திக்கிறார்கள். நடைக்காவைவிட வயதில் மிக இளையவரும், தாடியை மட்டும் மூத்ததாக வளர்த்திருப்பவருமான டைரக்டர், வரைந்ததை ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தினார். குட்டைப் பெண் எந்தப் பக்கம் நின்று கிளம்பினாலும், நாலே அடியில் நெட்டைப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்துவிடுகிறாள். பதினொரு காட்சியிலும்.

“அக்கா, இந்தக் குட்டி ஏன் இப்படிச் சுத்துது? கதையில இல்லியே.”

“அப்படித்தானேப்பா நடப்பாங்க?”

உலகமே அப்படித்தான் நடக்கிறது என்று அதுவரை மனமார நம்பியிருந்தார். மேஜைக்குத் திரும்பிப் பென்சிலைச் சீவும்போதுதான் உறைத்தது. உலகம் இல்லை, ஒருத்திதான் அப்படி நடந்தாள். அதுவும் நடைக்காவேதான்.

பள்ளிக்கூடத்துக்குக் கூடவே நடந்த நெட்டைச் சிநேகிதிக்கு வலது காது கேட்காது. அதனால் இவர் எப்போதும் இடப்பக்கம் ஓடி வருவார். பதினாலு வயதில், புதுக் கூட்டாளிகளைச் சிரிக்க வைக்க, ஒரே ஒரு நாள் வலப்பக்கம் நின்று என்னவோ சொன்னார். கூட்டம் சிரித்தது. சிநேகிதிக்குக் காது கேட்கவில்லை. கண் நன்றாகவே தெரிந்தது. மறுநாள் முதல் வேறு தெரு வழியாகப் போனாள்.

இன்று அவள் கார் ஓட்டக் கற்றுத்தருகிறாள். வலப்பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் சொல்லும் சாக்கு எதுவும் அவள் காதில் ஏறாது. அதனால் அவளிடம் கற்றவர்கள் எல்லாரும் முதல் தடவையே தேறிவிடுகிறார்களாம்.

சுற்றுவதை வெட்டிவிடலாம் என்றார் டைரக்டர். பத்தொன்பது வருஷத்தில் எதிர்ப்பேச்சு பேசாத நடைக்கா, வெட்டினால் தன் பேரையும் வெட்டச் சொன்னார். அந்தப் பேர் திரையில் வருவது ஜனங்கள் எழுந்து செருப்பைத் தேடும் நேரத்தில்தான். இருந்தாலும் மிரட்டல் மிரட்டல்தானே. காரணம் கேட்டார்கள். ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். டைரக்டர் தாடியைத் தடவியபடி, பதினொன்றும் இருக்கட்டும் என்றார்.

ஸ்டுடியோக்காரர்களின் குடும்பங்களுக்கான பகல் காட்சிக்கு வீட்டுக்காரர் திடீர் வயிற்றுவலியால் வர முடியாமல் போனார். காலையில் நாலு தோசை சாப்பிட்ட வயிறு அது. அவருடைய டிக்கெட் முந்தின நாளே ஓட்டுநர் பள்ளியில் சிநேகிதியின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கொடுக்கப் போன நடைக்கா, அதை வைத்துவிட்டு ஓடி வந்திருந்தார்.

சிநேகிதி வந்தாள். படத்தை முடியும்வரை பார்த்தாள். வெளியே படி இறங்கும்போது நடைக்கா அவளுக்கு வலப்பக்கம் மாட்டிக்கொண்டார்.

“அன்னைக்கு இந்தக் காதுல என்னடி சொன்ன?”

நடையில் கரை கண்டவருக்குக் கால் பின்னியது. முதுகுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தார்.

“இவள சிநேகிதின்னு நெனச்சிடாதீங்க, வெயிலுக்கு நிழலா வச்சிருக்கேன்னு சொன்னேன். தப்புடி.”

சிநேகிதி நாலு படி இறங்கினாள்.

“முப்பது வருஷமா நான் இதைவிட நல்ல ஜோக்கா இருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன்.” தெருவைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். “வெயில் கொளுத்துது. நிழல்ல வா.”