உரமிடாத வரிசை

யுஸ்னிதாவின் கணவர் சம்சூரி இறந்தபோது, வீட்டுக்குப் பின்னாலிருந்த ரப்பர்க் கன்றுகள் இடுப்புயரமே வளர்ந்திருந்தன. அவள் அழவுமில்லை; எதையும் கேட்கவுமில்லை. சோறு வெந்தால் இறக்கினாள். களை முளைத்தால் செதுக்கினாள்.

அக்கன்றுகள் ஆய்வு நிலையத்தின் சோதனைக்காக நடப்பட்டவை. பழைய இனம் ஒன்று, புதிய இனம் ஒன்று. ஒவ்வோர் இனத்திலும் ஒரு வரிசைக்குப் பாஸ்பேட் உரம் உண்டு, மறு வரிசைக்கு எதுவும் கூடாது. சோதனை முடிந்ததும், தேறிய இனத்தின் கன்றுகளை அவளுக்குத் தருவதாக அலுவலர் இர்வான் சொல்லியிருந்தார். அவள் அவரை 'ஐயா' என்ற பொருளில் 'பாக்' என்பாள்; அவர் அவளை 'அம்மா' என்ற பொருளில் 'இபு' என்பார். கிழ மரங்களை வெட்டிய அவளுடைய நிலம் மூசி ஆற்றங்கரைவரை வெறுமையாகக் கிடந்தது. அதில் மீண்டும் ரப்பர் நின்றால்தான் அவளுக்கு நிலையான பிழைப்பு.

அடுத்த ஆண்டு மழைக்கு முன் இர்வான் வந்து, தண்டுகளை நாடாவால் அளந்தார். பழைய இனத்தில் உரமில்லாத வரிசை நோஞ்சானாக நின்றது. புதிய இனத்திலோ இரு வரிசைகளும் ஒரே பருமன்.

"பாத்தீங்களா இபு! இந்தப் புது இனத்துக்கு உரமே வேணாம். ஊரு முழுக்கச் சொல்லிடப்போறேன்."

"எங்க வீட்டுக்காரர் இனம்னு சொல்லுங்க," என்றாள் வேலிக்கு அப்பால் நின்ற அண்டைவீட்டு ரொஸ்னா. "ஒண்ணும் போடாமலே பெருத்துக்கிட்டுப் போறாரு!"

இர்வான் சிரித்தார். யுஸ்னிதா புதிய இனத்தின் உரமிடாத வரிசையைப் பார்த்தாள். ஏழாம் நாளும் நாற்பதாம் நாளும் சம்சூரிக்காக ஓதியபோது, ஊருக்குச் சமைத்த அடுப்புகள் அதனருகில்தான் எரிந்தன. ரொஸ்னாவும் மற்றப் பெண்களும் சாம்பலை வாரிக் கன்றுகளின் தூரில் கொட்டியதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தடுக்கத் தோன்றவில்லை.

இப்போது சொன்னால் கன்றுகள் கிடைக்கமாட்டா. சொல்லாவிட்டால் ஊரார் உரமிடாமல் நட்டு ஏமாறுவார்கள்.

"அதுக்குச் சாம்பல் போட்டிருக்கு, பாக்."

"என்ன சாம்பல்?"

"அவருக்கு ஓதினப்போ எரிச்சது. எல்லா அடுப்புச் சாம்பலும் அங்கதான் கொட்டினாங்க."

"அக்கா, வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டீங்களா?" என்று ரொஸ்னா பல்லைக் கடித்தாள்.

இர்வான் நாடாவைச் சுருட்டினார். "சாம்பல்லயும் பாஸ்பேட் இருக்கே, இபு. அளந்தது அத்தனையும் வீண். வேற எடத்துல மொதல்லேருந்து நட்டுப் பாக்கணும். கன்னு இப்பத் தர முடியாது."

"சரி."

"வருத்தமா இருக்கா?"

அவள் தனக்குள் தேடிப்பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"தெரியல, பாக். அந்த நெலத்துல மரவள்ளி வெக்கிறேன்."

அவர் குனிந்து, சோதனை அடையாளத்துக்காகக் கன்றுகளில் கட்டியிருந்த தகர வில்லைகளை அவிழ்க்கத் தொடங்கினார். அவள் வரிசையின் மறுமுனைக்குச் சென்று, அங்கிருந்து அவிழ்க்கலானாள்.