நட்டுக்கு அடியில் இருந்த பெயிண்ட்

1991ஆம் வருடம், ஆயுத பூஜை சமயம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் நான் பெயிண்டராக இருந்தேன். இப்போது இருக்கிற பெரிய கம்பெனிகள் அப்போது கிடையாது. ஒரகடம் போகிற வழியெல்லாம் நெல் வயல்தான். எனக்கு இருபத்தைந்து வயது. என் கை வேலைக்கு ஈடு இல்லை என்று எனக்கே ஒரு கர்வம். "இங்கே கொஞ்சம் வழிஞ்சிருக்கே" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், இரண்டு நாளைக்கு அவரோடு பேச மாட்டேன். சோறுகூட இறங்காது. அப்படி ஒரு பிறவி.

அதே ஷெட்டில் லேத் ஓட்டியவன் என் நண்பன். வல்லக்கோட்டைக்காரன். பகலில் லேத், விடிகாலையில் சைக்கிள் பயிற்சி. மைதானத்தில் வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓட்டுகிற டிராக் பந்தயத்தில் கெட்டிக்காரன். மாநில அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலை நிச்சயம் என்றார்கள். அவனுக்கு அதுதான் கடைசி வருடம். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். வீட்டில் மனைவி ஆறு மாத கர்ப்பிணி. பூஜை முடிந்த மூன்றாம் நாள் மெட்ராஸில் தேர்வு.

அவன் ஓட்டியது கிளப்பில் இரவலாகக் கொடுத்த வண்டி. பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும், காலை நிறுத்த முடியாது. ஃப்ரேமின் பின்பக்கம் இரண்டு பிளவு, பின்னால் திறந்தபடி. சக்கரத்தைப் பின்னாலிருந்து அதில் நுழைத்து, செயின் விறைப்பாகிறவரை இழுத்து, இரண்டு பக்கமும் நட்டை முறுக்க வேண்டும். நம் ஊர் சைக்கிளில் சக்கரம் முன்னால் வந்துவிடாமல் பிடித்துக்கொள்ள ஒரு செயின் அட்ஜஸ்டர் இருக்கும். இந்த வண்டியில் அதுவும் இல்லை. மிதிக்கிற மிதியையெல்லாம் அந்த இரண்டு நட்டுதான் தாங்க வேண்டும். டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

டயர் மாற்றுவதற்காகச் சக்கரங்களை எடுத்துக்கொண்டு போனவன், ஃப்ரேமை ஷெட்டில் வைத்துவிட்டு, "இதையும் பூஜையில வெச்சுடுடா" என்றான். ஆயுத பூஜை என்றால் எங்கள் ஷெட்டில் வைஸ், டிரில்லிங் மெஷின் எல்லாவற்றுக்கும் புதுப் பெயிண்ட் அடித்துத்தான் சந்தனம் குங்குமம் வைப்போம். இவன் ஃப்ரேமோ துருப்பிடித்துப் பொரிந்துபோய்க் கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. துருவைத் தேய்த்து எடுத்து, நல்ல நீலத்தில் மூன்று கோட் அடித்தேன். பின்னால் இருந்த அந்தப் பிளவுகளின் முகத்தையும் விடவில்லை. அங்கேதான் துரு அதிகம் என்று இன்னும் ஒரு கோட் சேர்த்தே அடித்தேன்.

பூஜைக்குப் பொரி, கடலை வாங்க நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவன் வந்து சக்கரத்தை மாட்டிவிட்டான். நான் திரும்பியதும், "இன்னாடா இது, ஷோரூம் வண்டி மாதிரி கீது!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தேர்வுக்கு நானும் கூடப் போனேன். கடைசிச் சுற்று. இரண்டாவதாக வந்துகொண்டிருந்த என் நண்பன் எழுந்து நின்று மிதித்தான். டக்கென்று ஒரு சத்தம். பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. அவன் தூக்கி எறியப்பட்டான். தோள்பட்டை எலும்பு உடைந்து, இடுப்பிலும் அடி. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவன் கிளப்பின் பயிற்சியாளர், "ஒரு நட்டை ஒழுங்கா முறுக்கத் தெரியலையா உனக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

வண்டியை ஓரமாக எடுத்து வைத்தவன் நான்தான். வலப்பக்க நட்டுக்கு அடியில் பெயிண்ட் தோல் மாதிரி சுருண்டு பிதுங்கியிருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. நட்டின் அடிப்பக்கத்தில் இருக்கிற பற்கள் வெறும் இரும்பைக் கடித்துப் பிடிக்க வேண்டிய இடத்தில், காய்ந்தும் காயாத என் பெயிண்ட் இருந்திருக்கிறது. அவன் எழுந்து மிதித்த வேகத்தில் சக்கரம் வலப்பக்கம் முன்னால் இழுபட்டுக் கோணி, ஃப்ரேமின் இடப்பக்கத் தண்டில் போய்ச் சிக்கிவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பழி அவன் மேல் விழுந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பத்து நாள் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். கையைக் கட்டித் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி காபி கொடுத்துவிட்டு உள்ளே போனதும், "என்னாலதான்டா எல்லாம். அந்த நட்டு உக்கார்ற இடத்துல நான் பெயிண்ட் அடிச்சிருக்கக் கூடாது" என்றேன்.

"தெரியும்" என்றான்.

எனக்குப் புரியவில்லை.

"சக்கரம் மாட்டும்போதே பாத்தேன்டா. அரத்தால ரெண்டு இழுப்பு இழுத்தா போயிருக்கும். அரத்தைக் கையில எடுத்துக்கினேன். நீ அவ்ளோ ஆசையா அடிச்சு வெச்சுக்கிற, அதைச் சுரண்டினா உன் மூஞ்சி தொங்கிப்பூடும். நல்ல நாள் அதுவுமா எதுக்குன்னு வுட்டுட்டேன். இறுக்கி முறுக்கினா புடிச்சுக்கும்னு நென்ச்சேன்."

"மடையா, சுரண்டித் தொலைச்சிருக்கலாமேடா! என் மூஞ்சி தொங்கினா உனக்கு இன்னாடா?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். உள்ளேயிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்தாள். அவன், "ஒண்ணும் இல்ல, நீ போ" என்று அவளை அனுப்பிவிட்டான்.

மறுநாளே பயிற்சியாளரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டித் தீர்த்தார். ஆனால் தேர்வு முடிந்தது முடிந்ததுதான். என் நண்பன் மறுபடியும் லேத்துக்கே வந்தான். ஓய்வு பெறுகிறவரை ஷிப்டும் ஓ.டி.யுமாக அவன் காலம் அதிலேயே போயிற்று. என்னை ஒரு நாள் ஒரு வார்த்தை குத்திக் காட்டியதில்லை.

நான் அடித்த பெயிண்டைக்கூட மன்னித்துவிடலாம், தெரியாமல் செய்தது. ஆனால் என்னிடம் ஒரு குறையைச் சொல்வதைவிடத் தனக்குக் கிடைக்கவிருந்த அரசாங்க வேலையையே பணயம் வைத்துவிடலாம் என்று ஒருவன் நினைக்கும்படி அத்தனை வருடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறேனே, அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.