சேக்காட்டு ஞானஸ்நானம்

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். யுத்த காலத்தில் எங்கள் கிறிஸ்தவ சபைக்குப் பயிற்சிக்கு வந்த இளம் போதகரை, சின்ன ஐயர் என்போம்; ஒல்லியானவர். அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளில் பறப்பார். ஒரு நாள் காலை அவருக்குப் பட்டாபிராமில் ஒரு அடக்கம், மதியம் மேனாம்பேட்டில் வீட்டு ஜெபங்கள். பெரிய ஐயர் ஊரில் இல்லாததால், சேக்காட்டில் சாகக் கிடந்த என் கைக்குழந்தைக்கு அவரே ஓடிவந்து ஞானஸ்நானம் கொடுத்தார். சற்று நேரத்தில் பிள்ளை கர்த்தரிடம் போய்விட்டது.

வெளியே வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாத்தே, காலைலேர்ந்து ஓடிக்கினே கீறேன், தலை சுத்துது. தண்ணி ஊத்தினேன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு சொன்னனா? சொல்லலேன்னா ஞானஸ்நானமே இல்ல. சபைக் கல்லறைல இடம் தரமாட்டாங்க."

அவர் தண்ணீர் ஊற்றியபோது அழுதுகொண்டிருந்த என் காதில் எதுவும் விழவில்லை.

"சொன்னீங்க ஐயரே," என்றேன்.

பிள்ளையைச் சபைக் கல்லறையிலேயே வைத்தோம். நான் சொன்னது பொய்யா விசுவாசமா, இன்றும் விளங்கவில்லை. இதை யாரிடமாவது சொன்னால், அவர் சொன்னார் என்றோ சொல்லவில்லை என்றோ மாற்றாமல், இப்படியே சொல்லுங்கள்.