மதாம் செலினின் எடை இருபத்திரண்டு கிராம்

கூரியர் கடைப் பெண் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ள என்ன சார்?"

"பேப்பர்மா. மூணு ஷீட்டு."

"வேல்யூ எவ்ளோ போடட்டும்?"

நல்ல கேள்வி. உள்ளே இருந்தது, ஒரு மனுஷி உயிரோடு இருக்கிறார் என்பதற்கான அத்தாட்சி. அதற்கு என்ன விலை போடுவது? நான் யோசிக்க ஆரம்பித்தேன். எனக்குப் பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

"நூறு ரூபா போட்டுக்கோ."

நூறு ரூபாய்க் காகிதத்தைப் பிரான்சுக்குக் கொண்டுபோக அவள் கேட்டது மூவாயிரத்து இருநூறு. சிரித்துக்கொண்டே கேட்டாள். நானும் சிரித்துக்கொண்டே கொடுத்தேன். அழுதால் அதற்கும் ஜிஎஸ்டி போடுவார்களோ என்ற பயம்தான்.

எதிர்வீட்டு மதாம் செலினை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவருடைய கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊர்ப் பேச்சில், சொல்தா. அவர் போன பிறகு பென்ஷனில் ஒரு பங்கு மதாமுக்கு வருகிறது. அரிசி, மருந்து, முட்டிவலித் தைலம் எல்லாம் அதில்தான். வருகிற பணத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை… வருஷா வருஷம் உயிரோடு இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது. இருப்பதாக ஒரு தாளில் எழுதி, இங்கே அதிகாரியிடம் முத்திரை வாங்கி, குறித்த தேதிக்குள் பிரான்சில் சேர்க்க வேண்டும்.

ஒரு வருஷம் கடிதம் வழியில் தொலைந்துபோனது. பென்ஷன் நின்றுவிட்டது. நாலு மாதம் மதாம் காகிதக் கணக்கில் காலமாகியிருந்தார். அந்த நாலு மாதமும் மார்க்கெட்டில் மீன்காரியோடு பேரம் பேசினார், ஞாயிறு பூசைக்குப் போனார், இரண்டு கல்யாணத்தில் சாப்பிட்டார். மருந்தை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து மதாமுக்குச் சாதாத் தபாலில் நம்பிக்கை போய்விட்டது. எங்கள் ஊரில் யாராவது பாரீசுக்கு டிக்கெட் எடுத்தால் அந்த ஆள் பயணி கிடையாது – தபால் பை. தெருவே கவர்களோடு வந்துவிடும். பிரெஞ்சு ஸ்டாம்பை இங்கேயே ஒட்டிக் கொடுத்து, "எறங்குன ஒடனே அங்க மஞ்சத் தபால் பொட்டில போட்டுடு" என்பார்கள். இந்த வருஷம் பாவம், மதாமுக்குத் தெரிந்த யாரும் பறக்கவில்லை.

மாதம் பத்தாம் தேதி வாக்கில் கவரோடும் இருநூறு ரூபாயோடும் என்னிடம் வந்தார்.

"தம்பி, இத நம்ம தபாலாபீஸ்லயே ரிஜிஸ்தர் பண்ணிடுங்க. மாசக் கடைசிக்குள்ள அங்க இருக்கணும். எனக்கு முட்டி ஒத்துக்கல."

"ஆன்லைன்ல ஏத்திடலாமே மதாம்?"

"போன்ல ஏத்துனா போனு உசுரோட இருக்குன்னுதான் அவனுக்குத் தெரியும்."

வாங்கிக்கொண்டேன். பேசாமல் நடந்துபோய் அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் எழுதுகிறவன். எளிதாக முடிகிற காரியத்தைக் கண்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். உலகத்தில் இதைவிட நல்ல வழி, மலிவான வழி ஒன்று இருக்காதா?

பள்ளி நண்பர்களின் வாட்ஸப் குழுவில் கேள்வியைப் போட்டேன். பிறந்தநாள் வாழ்த்துக்குக் கட்டைவிரலைத் தூக்கக்கூடச் சோம்பும் குழு, தபால்தலை என்றதும் விழித்துக்கொண்டது.

பாரீசிலிருந்து சேவியர்: "இங்க அடுத்த தெருவுக்கு சாதா லெட்டர் போடவே ஒன்றரை யூரோ ஆவுதுடா. ஒவ்வொரு ஜனவரிக்கும் ஏத்துறான்." அதாவது சுமார் நூற்றைம்பது ரூபாய்… அடுத்த தெருவுக்கு. அதனால் ஸ்டாம்பில் விலையே அச்சடிப்பதில்லையாம். இன்று வாங்கினால் என்றைக்கும் செல்லும். எங்கள் ஊரில் உழவர்கரைப் பக்கம் மனை வாங்கிப்போடுவதுபோல அங்கே ஸ்டாம்ப் வாங்கிப்போடுகிறார்கள்.

சிங்கப்பூர் யூசுப், அங்கிருந்து அனுப்பினால் ஒரு காபி விலைதான் என்றான். கவரை முதலில் சிங்கப்பூருக்கு அனுப்ப ஆகும் செலவைப் பற்றி மௌனம் காத்தான். அமெரிக்காவில் வெளிநாட்டுக் கடிதத்துக்கு ஒரே ஸ்டாம்ப். கனடாவோ கன்னியாகுமரியோ, ஒரே விலை. பூமியை இவ்வளவு சமமாக நடத்தும் துறை அந்த நாட்டில் வேறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

டென்மார்க்கில் இருக்கும் சித்தப்பா மகனிடமும் கேட்டேன். "இங்க தபால்துறை லெட்டர் கொண்டாந்து குடுக்கறதயே விட்டுடுச்சுண்ணா. செவப்புப் பொட்டியெல்லாம் கழட்டி வித்துட்டாங்க." இனி தனியார்தான் கொண்டுபோவார்களாம். என்ன ஒரு முன்னேற்றம். விலையேற்றத்தைப் பற்றிப் புகார் வருகிறதா? சாமானையே கடையிலிருந்து எடுத்துவிடு.

இப்படியே பன்னிரண்டு நாள். டைரியில் நாடுகள், விலைகள், அம்புக்குறிகள். ஒரு கவர் கடல் தாண்டுவதைக் கற்பனை செய்துகொண்டு மொட்டை மாடியில் உலாவினேன். மேகத்துக்கு மேலே ஒரு முத்திரை, அதற்குள் ஒரு மூச்சு… என்றெல்லாம் வரிகள் வந்தன. கவர் மட்டும் மேஜையில் இருந்தது.

மனைவி டைரியை எட்டிப் பார்த்தாள். "மூணு கண்டத்துல விசாரிச்சீங்க. முக்குல இருக்கற தபாலாபீஸ்ல கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அவளே போய்க் கேட்டுவந்தாள். பதிவுத் தபால், நூற்றிச் சொச்சம். நான் விசாரித்த வழிகளில் மதாம் முதல் நாளே சொன்னதுதான் சரியான வழி. பாரீசில் அடுத்த தெருவுக்கு ஆகும் காசில் இங்கிருந்து கடலையே தாண்டலாம், ரசீதோடு.

அப்போதாவது அனுப்பினேனா? எடை போட்டேன்.

கேக் செய்ய மனைவி வைத்திருக்கும் குட்டித் தராசில் கவர் இருபத்திரண்டு கிராம் காட்டியது. தபால் கட்டணத்தில் முதல் படி இருபது கிராம் வரைதான். எங்கள் ஊர் எல்லையில் கோரிமேடு தாண்டினால் பெட்ரோல் விலை மாறுகிறதே, அதுபோல இருபத்தோராவது கிராமில் கடிதம் வேறு விலைக்குள் போய்விடுகிறது. பன்னிரண்டு நாள் உலகத்தை அலசியவன் இரண்டு கிராமிடம் தோற்பதா?

கவரிலிருந்து மூன்று தாள்களையும் எடுத்து அடுக்கி, அடியில் வெற்று ஓரத்தைக் கத்தரிக்கோலால் நறுக்கினேன். மேலே இருந்த முதல் தாளின் அடியோரம் வெறுமையாகத்தான் இருந்தது. சான்றிதழ் மூன்றாவது தாள். அதன் அடியோரத்தில்தான் அந்த நீல முத்திரை, பாதி நிலாபோல. கீழே விழுந்த துண்டில் மீதி நிலா.

தராசு சரியாகப் பத்தொன்பது காட்டியது.

மறுநாள் காலை எதிர்வீட்டுக்குப் போய் இரண்டு துண்டையும் நீட்டினேன். மதாம் கண்ணாடி போட்டுப் பார்த்தார். பாதி நிலாவையும் மீதி நிலாவையும் பொருத்திப் பார்த்தார்.

"செல்லோடேப் போட்டு ஒட்டிடலாம் மதாம். தெரியாது."

"ஒட்டுன உசுருக்கு பென்சன் குடுப்பானா முசியே?"

தம்பியாக இருந்தவன், யாரோ ஒரு சாரைப்போல முசியே ஆகிவிட்டேன்.

"ஏன் வெட்டுனீங்க?"

"ரெண்டு கிராம் அதிகமா இருந்துச்சு."

"கேட்டிருந்தா நானே ரெண்டு கிராம் எளச்சிருப்பேனே."

புதிதாக முத்திரை வாங்க, ஆட்டோ வைத்து அந்த அதிகாரியின் அலுவலகத்துக்கு அழைத்துப்போனேன். முதல் மாடி. ஒவ்வொரு படியிலும் நின்று, முட்டியைப் பிடித்து, என்னை ஒரு பார்வை பார்த்து, அடுத்த படி. அந்தப் பார்வைகளை எந்தத் தராசிலும் வைக்க முடியாது.

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு மதாமை நினைவிருந்தது. "இப்பதானே மதாம் வாங்கினு போனீங்க? அதுக்குள்ள மறுபடியுமா?"

"ஆமாம்மா. நடுவுல இவரு என்னைய வெட்டிட்டாரு."

வரிசை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

முத்திரை கிடைத்து வெளியே வந்தபோது மாதம் முடிய ஆறே நாள். பதிவுத் தபால் அதற்குள் போய்ச் சேராது. மீண்டும் நாலு மாதம் காலமாக இருக்கும்படி அவரிடம் எப்படிச் சொல்வேன்? மதாமை வீட்டில் இறக்கிவிட்டு அதே ஆட்டோவில் கூரியர் கடைக்குப் போனேன். மூவாயிரத்து இருநூறு. பிறகு நடந்ததுதான் முதலில் சொன்னது.

நாலாம் நாள் செல்போனில் செய்தி வந்தது: கவர் சேர்ந்துவிட்டது, கையெழுத்து வாங்கியாயிற்று. தெருவை இரண்டே எட்டில் தாண்டினேன்.

"மதாம், போய்ச் சேந்துடுச்சு."

அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"பாத்தீங்களா தம்பி, நம்ம தபாலாபீஸே நாலு நாள்ல சேத்துடுச்சு. நான்தான் மொதல்லயே சொன்னேனே, ரிஜிஸ்தர் போதும்னு."

மறுபடியும் தம்பி ஆகிவிட்டேன். அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. தலையாட்டினேன்.

"சரி… நான் குடுத்த எரநூறுல மிச்சம் எவ்ளோ?"

எண்பது ரூபாய் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

மதாம் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். தமிழ் பேசுவார், வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன் – நீங்கள் யாரும் அவருக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.