பன்னிரண்டு பச்சை மழைக்கோட்டுகள்

பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் சும்மா இருக்க முடியாமல், கீரிப்பாறைக்கு மேலே உள்ள காட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டிப் போவேன். எந்தச் சத்தம் கேட்டாலும் அது என்ன என்று சொல்லியாக வேண்டும் எனக்கு. காட்டைவிட நான்தான் அதிகம் பேசுகிறேன் என்று என் மனைவி சொல்வாள்.

என் நடைக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் கத்தக்கூடாது. பின்தங்கிவிட்டால் நின்ற இடத்திலேயே நின்று வாயால் சீட்டி அடிக்க வேண்டும். கூச்சல் போட்டால் விலங்குகள் மிரளும் என்று பெருமையாக விளக்குவேன்.

அந்த ஆனி மாத ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். சாரல் விடவேயில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி பச்சை மழைக்கோட்டு கொடுத்தேன். தொப்பியை இழுத்துவிட்டதும் ஒருவருக்கும் முகம் இல்லாமல் போய்விட்டது. மூடுபனி போல மஞ்சு இறங்க இறங்கப் பச்சை உருவங்கள் மட்டும் என் பின்னால் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தன. எனக்கே திரும்பிப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

மூன்று மணி வாக்கில் ஓடையின் மேல்கரையில் போகும்போது கீழே பள்ளத்திலிருந்து சீட்டிச் சத்தம் வந்தது. நின்று தலைகளை எண்ணினேன். பன்னிரண்டு. சரியாக இருந்தது.

"சீகாரப் பூங்குருவி," என்றேன். "மனுசன் சீட்டி அடிக்கிற மாதிரியே பாடும். மழைக்காலத்துல ஓடைப் பாறையிலதான் கூடு கட்டும். கிட்ட போய்த் தொந்தரவு பண்ண வேண்டாம். மெதுவா நடங்க." சத்தம் கேட்டதுமே ஒரு பெண் அதை போனில் பதிவு செய்திருந்தார். எல்லாரும் மெதுவாக நடந்தோம்.

கீழே நிறுத்தியிருந்த எங்கள் வேனுக்கு வந்து சேர்ந்தோம். ஒரு மழைக்கோட்டைக் கழற்றி உதறிவிட்டு எங்கள் டிரைவர் ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தார். அவர் வேனிலேயே இருப்பதாகச் சொன்னவர்.

"நீ எப்போ வந்த?" என்றேன்.

"பாதி வழியில சார். வண்டியில தனியா இருந்தா யாரோ கண்ணாடியில தட்டுகது மாதிரியே கேட்டுது. மழைதான்னு தெரியும். ஆனாலும் பயந்து, வண்டியில கெடந்த ஒரு கோட்ட எடுத்துப் போட்டுட்டு உங்க பொறத்தால வந்தேனாக்கும்."

நான் எண்ணிய பன்னிரண்டில் ஒன்று இவர் தலை. பின்னால் ஒரு இருக்கை காலியாகக் கிடந்தது. குளச்சலில் இருந்து தனியாக வந்தவருடைய இருக்கை. வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். காலையில் அதிகம் பேசவில்லை.

அந்தப் பெண் போனில் பதிவை ஓடவிட்டார். மூன்று முறை, ஒரு இடைவெளி. மறுபடி மூன்று முறை, அதே இடைவெளி. பூங்குருவி ஒரு ராகத்தை அப்படியே திருப்பிப் பாடாது. முப்பது வருடம் பாடம் எடுத்தவனுக்கு அது தெரியும். பதிவில் இருந்தது ஆள் அடித்த சீட்டி.

டிரைவரும் நானும் மேலே ஓடினோம். ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மஞ்சில் பாதையே தெரியவில்லை. நான் சீட்டி அடித்தேன். கீழே வலப்பக்கத்திலிருந்து பதில் வந்தது. மறுபடி அடித்தேன், மறுபடி வந்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே பாறை பாறையாக இறங்கினோம்.

கால் பிசகி, இடுப்பளவு தண்ணீரில் ஒரு வேரைப் பிடித்தபடி கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வேரும் அவரும் போயிருப்பார்கள். இழுத்து மேலே போட்டோம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நல்லவேளை, விடாம சீட்டி அடிச்சிய," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "நீங்க மேல நின்னு பேசினது எனக்கு கேட்டுது சார். குருவின்னு சொன்னிய. கிட்ட போகாண்டாம்னு சொன்னிய. அதோட எனக்கு நம்பிக்கை விட்டுப் போச்சு. பொறவு நான் சீட்டி அடிக்கவே இல்ல."

டிரைவர் என் முகத்தைப் பார்த்தார். எங்களுக்கு மேலே, ஈரப் பாறையின் பக்கம், எங்களைக் கூட்டிவந்த அந்தச் சீட்டி இன்னொரு முறை கேட்டது. என்ன சத்தம் அது என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.